காசு வந்தது, நீ வரேல்லை

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு வயது 44. யாழ்ப்பாண நகரத்தை ஒட்டின கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவன். கிளிநொச்சியில் வங்கி வேலை. விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் வீடு திரும்ப இரவு ஏழு, ஏழரை ஆகும். சனி ஞாயிறில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு ரியூசன் எடுக்கிறேன். வீட்டுக் கடன் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நான் ஒருத்தருக்கும் குறை வைக்கிறதில்லை. கோயில் பெருநாளுக்கு வருசா வருசம் காசு கொடுக்கிறேன். போன வருசம் ஒலிபெருக்கி மாற்றின செலவில் பாதி என்னுடையது. கழகப் பெடியளுக்கு ஜேர்சி வாங்கிக் கொடுத்தேன். மாசி மாதம் சின்னம்மா செத்தபோது பந்தல் செலவும் பெட்டிச் செலவும் முழுக்க நான்தான். அன்றைக்கு வங்கியில் கணக்காய்வு. இரண்டரைக்குத்தான் வர முடிந்தது. பெட்டி மூடுகிற நேரம் எனக்கு நிற்க ஏலாது, சின்ன வயதிலிருந்தே அப்படி. கோயிலடியில் நின்றுவிட்டு, சேமக்காலை வாசலோடு திரும்பிவிட்டேன். இரண்டு கிழமை கழித்துச் சின்னம்மாவின் மகன் சொன்னான்: "காசு வந்தது, நீ வரேல்லை."

என்னுடைய அண்ணா கனடாவில். அவரும் காசுதான் அனுப்பினார், செத்தவீட்டை லைவில் பார்த்தார். அவரை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. இருபது நிமிச தூரத்தில் இருக்கிற எனக்குத்தான் பேச்சு.

ஞாயிறு பூசையும் நான் விடுகிறதில்லை. 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகும் கொரோனா காலத்திலும் பழகினது. வகுப்புக்கு நடுவில் போனில் லைவ் போட்டுவிடுவேன். மகளுக்கு 13 வயது, அடுத்த மாதம் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு. அன்றைக்கு வகுப்பை மாற்றப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு, "கரைச்சல்படாதேங்கோ அப்பா, லைவ்ல பாருங்கோ" என்றாள். அதைக் கேட்டு மனைவி அழுகிறா. அவள் கோபமாகச் சொல்லவே இல்லையே அக்கா. நேரில் போய் நிற்கிறது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

(பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்)

பதில்:

தம்பி,

ஓம், முக்கியம். எல்லாவற்றுக்கும் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் ஒலிபெருக்கி, ஜேர்சி, பந்தல், பெட்டி என்று கொடுத்ததெல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆரோடு இருந்தீர்கள், என்ன கதைத்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. சின்னம்மா என்ன வருத்தத்தில் கிடந்தா, அவவைக் கடைசியாக எப்போது கண்டீர்கள், உங்களைச் சின்னனில் என்ன சொல்லிக் கூப்பிடுவா, ஒன்றுமே இல்லை. பெட்டியின் செலவு தெரிகிறது, பெட்டிக்குள் கிடந்தவ தெரியவில்லை. கோபிக்க வேண்டாம். கணக்கு எழுதிப் பழகின கை, கணக்காகவே எழுதியிருக்கிறது.

அதற்காகக் கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. சண்டையில் கூரை பறந்த கோயில்களையும், இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனம் பற்றை வெட்டிக் குடியேறின வளவுகளையும் திரும்ப நிமிர்த்தினது காசுதான். வெளிநாட்டுக் காசும் உங்களைப் போன்றவர்களின் மாதச் சம்பளமும் இல்லையென்றால் இன்றைக்குப் பெருநாளுக்கு வெள்ளை அடிக்கவும் ஆளிராது. வீட்டுக் கடன் கட்டுகிற மனிசன் ஞாயிற்றுக்கிழமையும் உழைக்கிறதைப் பார்த்து "காசுப் பேய்" என்று சொல்லுகிறவர்கள், அந்தக் கடனில் ஒரு மாதத்தைக் கட்டிப் பார்க்கட்டும். உங்கள் உழைப்பு குடும்பத்தின் மேலுள்ள அன்புதான். அதை மனைவியும் அறிவா.

இனி உங்கள் அண்ணாவின் கதைக்கு வருவோம். கடிதத்தில் உண்மையான கோபம் இருக்கிற இடம் அதுதான். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறீர்கள். ஓம் தம்பி, இரண்டு நியாயம்தான். 1983க்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒருவராவது வெளியே போனார். போனவர் செத்தவீட்டுக்கு வர முடியாது. விசா இல்லை, லீவு இல்லை, வந்தால் திரும்பிப் போக ஏலாது என்ற காலமும் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, ஊர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு ஒழுங்கைத் தானே போட்டுக்கொண்டது. தூர இருக்கிறவன் காசால் நிற்பான், கிட்ட இருக்கிறவன் ஆளாய் நிற்பான். அண்ணா தன்னுடைய பங்கைச் செய்தார். நீங்களும் அண்ணாவின் பங்கையே செய்தீர்கள். உங்கள் பங்கு காலியாகக் கிடந்தது. அண்ணாவோ தம்பியோ, சின்னம்மாவின் மகன் உங்களுக்கு என்ன முறையோ தெரியாது, அவன் சொன்னது அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான்.

சில குறிச்சிகளில் பெட்டி தூக்க நாலு இளந்தாரிகள் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இருப்பது வயதான இரண்டு பேர், பிள்ளைகள் மூன்று நாட்டில். பந்தல்காரருக்கு ஐந்து நிமிசத்தில் காசு வந்துவிடுகிறது. கதிரை இறக்க, கோயிலுக்குச் சொல்ல, கிராம சேவகரிடம் போக, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற ஆள் இல்லை. ஊரில் மிஞ்சி இருக்கிற நாற்பது வயதுக்காரரும் தூர இருக்கிறவர் போல நடந்தால் ஊர் என்ன செய்யும்? உங்களில் வைத்திருந்த எதிர்பார்ப்புத்தான் பேச்சாக வந்திருக்கிறது. அண்ணாவைப் பற்றி ஒருவரும் பேசாததற்குக் காரணம், அவரிடமிருந்து அதை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்கள் என்பதே. பேச்சு விழாத நாள் வந்தால்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

மகளின் விசயத்தில் அந்த நாள் வந்துவிட்டது போலிருக்கிறது.

"அவள் கோபமாகச் சொல்லவே இல்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஆறுதலான செய்தி மாதிரி. மனைவி அழுததற்குக் காரணமே அதுதான். ஒரு பிள்ளை "அப்பா வாங்கோ" என்று கத்தினால், கதவைச் சாத்தினால், முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தால் அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. பதின்மூன்று வயதில் சிரித்துக்கொண்டு, உங்களுக்கு வசதியான வழியை அவளே எடுத்துத் தருகிறாள் என்றால், பல முறை கேட்டு, பல முறை "பாப்பம்" என்ற பதிலைக் கேட்டு, கேட்கிறதை நிப்பாட்டிவிட்டாள் என்று அர்த்தம். உளவள ஆலோசனைக்கு என்னிடம் வருகிற வளர்ந்த பிள்ளைகள் தகப்பனைப் பற்றிச் சொல்லும்போது "அடிச்சவர், ஏசினவர்" என்று தொடங்குகிறவர்களிடம் கண்ணீர் இருக்கும். "அவர் பாவம், வேலை" என்று தொடங்குகிறவர்களிடம் அது கூட இருக்காது. இரண்டாவது வகையோடு வேலை செய்வதுதான் எனக்குக் கடினம். தகப்பனில் பிழை சொல்ல ஒன்றும் அகப்படாமல், பிழை தன்னிலேயே என்று வைத்துக்கொண்டு வருவார்கள்.

உறுதிபூசுதல் அன்று ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசுகிற நேரம் அரை நிமிசம் கூட இல்லை. அதை லைவில் நல்ல தெளிவாகவே பார்க்கலாம், முன் வாங்கில் இருக்கிறவரை விடத் தெளிவாக. ஆனால் அதற்கு முதல் நாள் பின்னேரம் ஒத்திகை இருக்கும். வரிசை பிழைத்து மறையாசிரியர் சத்தம் போடுவா, பெட்டையள் சிரிப்பார்கள், வெள்ளைச் சட்டையின் கை நீளம் என்று யாரோ ஊசி நூல் தேடுவார்கள். முடிய, வாசலில் சைக்கிளோடும் மோட்டார் சைக்கிளோடும் நிற்கிற தகப்பன்மாரில் தன்னுடையவர் நிற்கிறாரா என்று பிள்ளை பார்க்கும். பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டு பார்க்கும். கமரா அங்கே வராது. உறுதிபூசுதல் நாளுக்கு நீங்கள் எப்படியும் போவீர்கள், போகாவிட்டால் மனைவி விடமாட்டா. நான் கேட்பது அந்த ஒத்திகைக்கு. ஒரு நாள் அரை நேர லீவு போட்டு, கிளிநொச்சியில் பஸ் ஏறி, அந்த வாசலில் போய் நில்லுங்கள். முதலே சொல்லிவிட்டுப் போக வேண்டாம். சொல்லிவிட்டு வர முடியாமல் போனால் இதுவரை சொன்ன "பாப்பம்"களோடு இன்னொன்று கூடும்.

பூசை விசயத்தில் நான் குருவானவர் இல்லை. பாவமா இல்லையா என்பதைப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். ஆனால் நடந்தது எனக்கும் நினைவிருக்கிறது. 2019 ஏப்பிரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு, 28ஆம் தேதி ஞாயிறு கோயில் கதவுகள் பூட்டிக் கிடக்க, கொழும்பில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அடுத்த வருசம் பங்குனியில் கொரோனா. அப்போது லைவ் ஒரு பெரிய உபகாரம். இன்றைக்கும் படுக்கையில் கிடக்கிற ஆச்சிக்கும், வருத்தக்காரரை விட்டு நகர முடியாத மகளுக்கும், கடலில் நிற்கிறவனுக்கும் அது உபகாரம்தான். அவர்களை ஒருவரும் குறை சொல்லக்கூடாது. ஆனால் 2020 செப்டெம்பரிலேயே வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதின கடிதத்தில், நிலைமை இடம் தந்தவுடன் சனத்தைக் கோயிலுக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும், எந்த ஒளிபரப்பும் நேரில் பங்கெடுப்பதற்கு ஈடாகாது என்று சொல்லியிருந்தார்கள். நீங்கள் போனில் போட்டுவிட்டு வகுப்பு எடுக்கிறீர்கள். அது பூசை கேட்டதாகுமா என்று என்னிடம் கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும்.

எனக்குப் பூசையை விட அதன் இரண்டு பக்கமும் இருக்கிற பத்து நிமிசம் முக்கியம். காலைப் பூசை முடிய வேம்பின் கீழே சனம் உடனே கலையாது. பாண் வாங்கப் போகிறவர்கள் நிற்பார்கள், பந்து விளையாட்டைப் பற்றி ஒரு கூட்டம், மீன் விலை பற்றி ஒரு கூட்டம். அப்போது ஒருவர் கேட்பார், "மூலை வீட்டு ஆச்சியை ரெண்டு கிழமையாக் காணேல்லை, என்ன சங்கதி?" ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஒருவர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆச்சி விழுந்து கிடந்ததும், மருந்து முடிந்ததும், பிள்ளை போன் எடுக்காததும் இப்படித்தான் ஊருக்குத் தெரிய வருகிறது. லைவில் பார்க்கிறவர் எத்தனை பேர் என்று ஓர் எண் காட்டும். ஆர் வரவில்லை என்று அது காட்டாது. நீங்கள் இரண்டு கிழமை லைவில் வராவிட்டால் உங்களைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள் என்பதையும் யோசியுங்கள்.

ஆராய்ச்சிக்காரரும் இதையே தொட்டிருக்கிறார்கள். அமெரிக்கத் தாதிமார் 74,534 பேரை 16 வருசம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்கள், ஒருபோதும் போகாதவர்களை விட அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு 33 வீதம் குறைவு என்று கண்டார்கள். அவர்கள் கேட்டது பக்தி எவ்வளவு என்று அல்ல, எத்தனை தரம் போகிறீர்கள் என்று. அதற்கு முதல் 2010இல் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மற்றவரோடு நெருக்கமான தொடர்பு உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 வீதம் கூட என்று வந்தது. தாதிமார் கதை வெளிநாட்டுப் பெண்களின் கதை, எங்கள் கரையோரத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல சுகத்தோடு இருக்கிறவர்தான் கோயிலுக்குப் போக முடிகிறது என்ற வாதமும் உண்டு, அதைக் கழித்துப் பார்க்க ஆய்வுக்காரரும் முயன்றிருக்கிறார்கள். இங்கேயே வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், வடக்கின் துன்பத்தைத் தனி ஆளின் வருத்தமாக மட்டும் பார்க்கக்கூடாது, அது ஊரே சேர்ந்து பட்ட கூட்டு மனவடு என்று எழுதினார். சடங்குகளும் ஊர் கூடுவதும் அதற்கு மருந்தின் ஒரு பகுதி என்றும் காட்டினார். கோயிலடி வேம்பை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இதோடு உங்களுக்குக் கொஞ்சம் உறைக்கிற ஒன்றும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை உங்கள் வகுப்பில் முப்பது, நாற்பது பிள்ளைகள் இருப்பார்களா? அத்தனை பேரும் அந்த நேரம் கோயிலிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. பாடகர் குழுவுக்குப் பெடியள் இல்லை என்று பங்குத்தந்தை கவலைப்படுகிறார் என்றால், அவர்கள் உங்களிடம் கணக்கீடு படிக்கிறார்கள். ஞாயிறு காலை ரியூசன் வைக்கலாமா என்ற வாதம் யாழ்ப்பாணத்தில் கன காலமாய் நடக்கிறது. சைவப் பிள்ளைகளின் அறநெறி வகுப்பும் இதே நேரத்தில் அடிபடுகிறது. நீங்கள் ஒருவர் நிப்பாட்டினால் பிள்ளைகள் அடுத்த ஒழுங்கையில் இன்னொரு வகுப்புக்குப் போவார்கள் என்று சொல்வீர்கள், சரிதான். நிப்பாட்டச் சொல்லவில்லை. ஒன்பதரைக்குத் தொடங்குங்கள். பெற்றோரிடம் காரணத்தை நேராகச் சொல்லுங்கள்: "பூசைக்குப் போயிட்டுத்தான் வருவன், பிள்ளையளும் போயிட்டு வரட்டும்." இரண்டு மூன்று பேர் விலகலாம். நல்ல ஆசிரியரை யாழ்ப்பாணத்துத் தாய்மார் ஒன்றரை மணித்தியாலத்துக்காக விடமாட்டார்கள்.

இப்போது மற்றப் பக்கம். இந்தப் பதிலை வாசித்துவிட்டு நீங்கள் நாளைக்கே பங்குச் சபை, பெருநாள் குழு, சனசமூக நிலையம், கழகம் எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். அப்படியான ஆட்களின் மனைவிமாரும் என்னிடம் வருகிறார்கள். "அவர் ஊருக்கெல்லாம் நல்லவர் அக்கா, கோயில் திறப்பு அவரிட்டத்தான், வீட்டுத் திறப்பு எங்க கிடக்கெண்டு அவருக்குத் தெரியாது." கூட்டம் முடிந்து பத்து மணிக்கு வந்து, ஆறின புட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவர். வங்கியில் ஒளிக்கிறதும் கோயில் குழுவில் ஒளிக்கிறதும் வீட்டுக்கு ஒன்றுதான். கோயிலில் ஒளிக்கிறவரை ஏச முடியாது, அது மட்டும்தான் வித்தியாசம்.

எங்கள் ஊரில் கொண்டாட்டங்களும் கூடிப்போய்விட்டன. சாமத்திய வீடு, கலியாணம், குடிபூரல், முதலாம் பிறந்தநாள், வெளிநாட்டிலிருந்து வந்தவரின் விருந்து என்று ஆடி, ஆவணியில் மண்டபம் பிடிக்க ஏலாது. என்னைக் கேட்டால் மண்டபத்துக் கொண்டாட்டங்களில் பாதிக்கு என்வலப் போதும். முகத்தைக் காட்டி, படம் எடுத்து, சாப்பிட்டுவிட்டு வரலாம், போகாவிட்டாலும் உலகம் அழியாது. நானூறு பேரில் நீங்கள் வந்தீர்களா என்று வீடியோக்காரருக்குத்தான் தெரியும். நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்று பழைய ஆட்கள் சொன்னதில் கணக்கு இருக்கிறது. நேரம் குறைந்த மனிசன் அதைக் கெட்டதுக்குச் செலவழிக்க வேண்டும். வருத்தக்காரரின் கட்டிலடி, செத்தவீட்டின் இரவு, எல்லாரும் போன பிறகு வருகிற இரண்டாவது கிழமை. இங்கெல்லாம் காசுக்குச் செய்ய ஒன்றுமில்லை.

செத்தவீட்டு இரவைப் பற்றி ஒன்று. விடிய விடியப் பந்தலுக்குள் முந்நூற்றி நாலு என்ற சீட்டு விளையாடுகிறார்களே, அதை நகரத்துப் படித்த ஆட்கள் இளக்காரமாய்ப் பார்ப்பார்கள். வீட்டுக்குள் பெண்கள் அழுது களைத்துக் கிடக்க, வெளியே ஆண்கள் கடதாசி அடிக்கிறார்கள் என்று. அந்தக் கூட்டம் அங்கே இல்லையென்று நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் எரிகிற வீடு, நடுவில் பெட்டி, உள்ளே நாலு பெண்கள், வெளியே நாய் மட்டும். அந்த வீட்டுக்காரருக்கு அந்தக் கடதாசிச் சத்தம் எவ்வளவு தைரியம் என்று அன்றைக்கு இருந்தவர்களைக் கேளுங்கள். அங்கே உட்காருகிறவர் ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை. நீங்கள் சின்னம்மாவின் செத்தவீட்டுக்குப் பகலில் கணக்காய்வு என்றால், முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் போய் பதினொன்று வரை அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். பெட்டி மூடுகிற நேரமும் அதில் வராது.

அந்த மகனிடம் இப்போது என்ன செய்வது? விளக்கம் சொல்லப் போகாதீர்கள், கணக்காய்வுக் கதை அவனுக்குத் தேவையில்லை. ஒரு சாதாரண நாள், ஆண்டுத்திவசமும் இல்லை, பெருநாளும் இல்லை, மனைவியையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் போங்கள். கையில் என்வலப் வேண்டாம். பழமோ பிஸ்கட்டோ போதும். இருந்து தேத்தண்ணி குடியுங்கள். சின்னம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேளுங்கள், அவன் சொல்லுவான். குறுக்கே "அப்ப எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். போன் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். நவம்பர் 2 மரித்தோர் நாளுக்காகச் சேமக்காலை துப்புரவுக்கு ஊர் கூடும்போது மண்வெட்டியோடு போய் சின்னம்மாவின் கல்லறையை அவனோடு சேர்ந்து கழுவினீர்கள் என்றால், அன்றைக்கு நீங்கள் வாசலோடு திரும்பினது அவன் மனதில் பாதியாவது தீரும்.

ஊருக்கென்று ஒரே ஒரு பொறுப்பு எடுங்கள். அது ஆள் போனால்தான் நடக்கிற பொறுப்பாக இருக்க வேண்டும். உங்கள் பங்கில் புனித வின்சென்ட் டி போல் சபை இருக்கும், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள்தான் இருப்பார்கள். 1833இல் பாரிஸில் அதைத் தொடங்கின பிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போது இருபது வயது, பல்கலைக்கழக மாணவன். ஏழை வீட்டுக்கு உதவியை அனுப்பி வைக்காமல், வீடு தேடிப் போய் இருந்து கதைத்துவிட்டு வருவதுதான் அவர்களின் அடிப்படை வழக்கம். கணக்குத் தெரிந்த ஆள் என்றதும் உங்களைப் பொருளாளர் ஆக்கப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கொப்பி உங்கள் கைக்கு வந்தால் திரும்பவும் காசோடு நின்றுவிடுவீர்கள். மாதத்தில் ஒரு சனி பின்னேரம் இரண்டு வீடு, அவ்வளவுதான். மகள் விரும்பினால் அவளையும் கூட்டிப் போகலாம். அந்தச் சனியில் ஒரு வகுப்பை விட வேண்டி வரும், மாதம் அந்தக் காசு குறையும். அதை மனைவியோடு இருந்து, கடன் தவணையையும் வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். முடியாத அளவு என்றால் பெருநாள் கொடையைக் குறையுங்கள். ஒலிபெருக்கி பழையதாக இருந்தாலும் பூசை கேட்கும்.

கடைசியாக, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விசயம். பெட்டி மூடும் நேரம் நிற்க ஏலாது, சின்ன வயதிலிருந்தே அப்படி என்றீர்கள். 44 வயது என்றால் 1995இல் உங்களுக்குப் பதின்மூன்று, பதினாலு. அந்த வருசம் ஜூலை 9இல் நவாலிக் கோயிலடியில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே நடந்து வெளியேறினது. உங்கள் வயதுக்காரர் பார்க்கக் கூடாத வயதில் பார்க்கக் கூடாதவற்றைப் பார்த்தவர்கள். நீங்கள் எதைக் கண்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கணக்காய்வு இல்லாவிட்டாலும் அன்றைக்கு நீங்கள் நேரத்துக்கு வந்திருப்பீர்களா? அதை ஒருக்கால் உங்களையே கேளுங்கள். வேலை சில பேருக்கு நல்ல மறைப்பு. செத்தவீட்டுக்குப் பிந்துவதற்கும், கூட்டமாய்ச் சனம் நிற்கிற இடத்தில் நெஞ்சு இறுகுகிறது என்றால் அதற்கும், பூசையைப் போனுக்குள் வைத்துக்கொள்வதற்கும் ஒரே வேர் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

அப்படியென்றால் உங்களை வற்புறுத்திப் பெட்டியடியில் நிறுத்துவது வைத்தியமாகாது. படிப்படியாகத்தான் போக வேண்டும். இப்போதைக்கு மூடுகிற நேரம் பந்தலுக்கு வெளியே நில்லுங்கள், ஆனால் வளவுக்குள் நில்லுங்கள். மனைவியிடம் காரணத்தைச் சொல்லி வையுங்கள், அவவுக்கே இது தெரியாமலிருக்கலாம். நித்திரை கெடுகிறது, கனவு வருகிறது, குடி கூடுகிறது என்று ஏதாவது இருந்தால் பிந்த வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. முதலில் போனில் கதைக்க விரும்பினால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. என்னிடம் வருவதென்றால் வகுப்பு இல்லாத ஒரு பின்னேரம் பாருங்கள். முதல் தடவை தனியே வரலாம். இரண்டாம் தடவை மனைவியும் வந்தால் எனக்கு வேலை சுகம்.